கண்ணாடிமேல் வைத்த பொட்டு

தம்பி,

முதலில் நல்ல சேதி. என் மூத்தவனின் மகள் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் சூப்பர்வைசர் ஆகிவிட்டாள். அவள் தம்பிக்குப் பாலிடெக்னிக்கில் இடம் கிடைத்திருக்கிறது. ஐந்தாம் வகுப்போடு நின்றவளின் பேரப்பிள்ளைகள் என்று பிளாட் முழுக்கச் சொல்லிவிட்டேன். கடைக்குட்டிப் பேத்தி நேற்றுப் பள்ளிக்கூட ஓட்டத்தில் முதலாவதாக வந்தாள்.

அங்கேதான் உன் நினைப்பு வந்து என்னைப் பிடித்தது. திடலில் காலையில்தான் புல் வெட்டியிருந்தார்கள். அந்தப் பச்சை வாடை! சின்னவள் கோப்பையோடு நடுத்திடலில் நின்று, "பாட்டி, படம் பிடிக்கிறாங்க, வாங்க லா!" என்று கத்துகிறாள். எனக்குக் கால் எழவில்லை. லோங்காங் சாக்கடை ஓரத்துச் சிமெண்டிலேயே நின்றேன்.

உன்னிடமிருந்து எனக்கு ஒட்டிய பயம் அது. பட்டாளத்தில் பாலம் கட்டவும் வெடி வைக்கவும் படித்தவன், ஓய்வு பெற்றதும் கம்போடியாவுக்குக் கண்ணிவெடி எடுக்கப் போனாய். "வெச்சவன் போயிட்டான் அக்கா. அது மட்டும் காத்துக்கிட்டிருக்கு," என்பாய். வயலில் குப்புறப் படுத்துக் கத்தரியால் புல்லைக் கொஞ்சம் கொஞ்சமாக நறுக்கி, அப்புறம்தான் மண்ணைத் தொடுவாயாம். லீவில் ஜெலுத்தோங் வந்தாலும் எங்கள் பிளாட் முன்னால் இருக்கும் புல்லை மிதிக்காமல் சுற்றித்தான் நடப்பாய். ஒரு நாள் மழை வருகிறதே என்று உன்னைக் குறுக்கே இழுத்தேன். முகம் வெளுத்துப்போய் எனக்கு முன்னால் வந்து நின்றாய். "நான் மிதிச்ச எடத்துலயே மிதி." விளையாட்டு என்று நினைத்து உன் முகத்தைப் பார்த்தேன். விளையாட்டு இல்லை.

திரும்பி வந்து தொழிற்சாலையில் காவல் நிற்கும் ஜாகாக்களுக்குப் பயிற்சி கொடுத்தாய். கேட்டில் அநாதையாகக் கிடந்த பையைப் பார்த்து எல்லாரையும் வெளியே விரட்டினாயே! கிழட்டு ஜாகா ஒருவர், "சார், அது என் நாசி லெமாக் சோறு லா! ஆறிப்போவுது!" என்று அழாத குறை. நீ வந்து சொன்னபோது நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்தோம். நீயும் சிரித்தாய்.

கம்போடியாவுக்கு நான் போட்ட கடிதமெல்லாம், புதுப் படம் ஒன்று அனுப்பு என்றுதான் முடியும். வந்த படங்களில் எல்லாம் முகத்துக்கு முன்னால் தலைக்கவசத்தின் அந்தத் தடிக் கண்ணாடி. அதில் வெயில் பட்டு உள்ளே யார் என்றே தெரியாது. கேட்டால், "படத்துக்காக ஒருத்தன் கண்ணாடியத் தூக்குனான் அக்கா. அந்நேரம் பாத்து வெடிச்சிருச்சு. அதோட சரி," என்றாய். ஊருக்கு வந்த பிறகும் கேமராவைக் கண்டால் கையால் முகத்தை மறைத்துக்கொள்வாய். "அப்புறம் எடுப்போம் லா."

அப்புறம் இல்லாமல் போயிற்று. பாயான் லெப்பாஸ் பஸ்ஸுக்கு நின்றவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தாய். சிமெண்டுத் தரையில்தான் விழுந்தாய், தம்பி.

மாலை போட முகம் இல்லை. ஐ.சி. அடையாள அட்டைப் படத்தைப் பெரிதாக்கினால் யாரோ மீசை முளைக்காத பையன். கடைசியில் கண்ணாடி மறைத்த படத்தைத்தான் சட்டம் போட்டு மாட்டினோம். வெள்ளிக்கிழமை பொட்டு வைக்கும்போது நெற்றி எங்கே என்று தடவுவேன். கிட்டே போனால் உன் முகம் இருக்க வேண்டிய இடத்தில் என் முகம் தெரிகிறது. அதன்மேல்தான் பொட்டு வைக்கிறேன்.

நேற்றுச் சின்னவளே ஓடி வந்து என் கையைப் பிடித்தாள். "என்னா பாட்டி, புல்லு கடிக்குமா?" அவள் முன்னால் நடந்தாள். அவள் கால் பட்ட இடம் பார்த்துப் பார்த்து மிதித்து, நடுத்திடல்வரை போய்விட்டேன். படம் எடுத்துவிட்டார்கள். புல்மேல் நிற்கிறேன், தம்பி. பயந்த முகம்தான், ஆனாலும் நன்றாகத் தெரிகிறது.

அதை உன் படத்துப் பக்கத்தில் வைக்கிறேன், பார். பார்த்துவிட்டு நீயும் புதுப் படம் ஒன்று அனுப்பு. கனவில் வந்தாலும் சரி. இந்தத் தடவை அந்தக் கண்ணாடியைத் தூக்கிவிட்டு.

உன் அக்கா