ஒட்டாமல் வழிந்தது

மார்ச் 3

அன்புள்ள லேப் ராணிக்கு,

நான் நலம். நீயும் பாப்பாவும் நலம்தானே? மூன்று கடிதம் போட்டும் ஒரு வரி பதில் இல்லை. வீட்டை விட்டு வந்த அன்றே குடியையும் விட்டேன், எட்டு மாதம் ஆகிறது என்றால் சிரிப்பாய். சத்தியம் செய்து ஏமாற்றியவன்தானே நான்! அதனால் கிளினிக்கில் ரத்தம் எடுத்து அனுப்பியிருக்கிறேன். அன்றைக்கு என்னைக் காட்டிக்கொடுத்த ரத்தமே இப்போது சாட்சி சொல்லட்டும்.

உன் எலெக்ட்ரீஷியன்

மார்ச் 9

வணக்கம்.

ரத்தம் என்ன சட்டைத் துணியா, சாதாரணத் தபாலில் அனுப்ப? செல்லெல்லாம் உடைந்து, மேலே தெளிந்து நிற்க வேண்டிய சீரம் சிவந்து வந்தது. கொட்டிவிட்டேன்.

அன்றைக்கும் நான் உங்களை வேவு பார்க்கவில்லை. எங்கள் சோதனைக் குழாயில் உள்ள சிறு மணிகளில் லெக்டின் என்று ஒரு பொருள் பூசியிருக்கிறது. சர்க்கரைச் சங்கிலி உள்ள புரோட்டீனைப் பிடித்துக்கொள்ளும், மற்றது வழிந்துவிடும். இரும்பைச் சுமக்கும் புரோட்டீன் எல்லோர் சீரத்திலும் ஒட்டும். குடிக்காதவர் ரத்தம் ஒப்பீட்டுக்கு வேண்டும் என்று கேட்டபோது நீங்கள் கொடுத்த சீரத்தில் மட்டும் அதில் ஒரு பங்கு சர்க்கரையை இழந்து வழிந்தது. அதிகமாகக் குடித்தால் அப்படி ஆகும். "விட்டுட்டேன்" என்று நீங்கள் பாப்பா தலையில் கை வைத்துச் சொன்ன வாரம் அது.

வேண்டுமானால் எங்கள் ரத்தப் பிரிவில் வந்து கொடுங்கள். சோதித்துப் பார்ப்பேன் என்று வாக்குத் தரவில்லை. பாப்பாவுக்கு முன்பல் விழுந்துவிட்டது.

மார்ச் 12

லேப் ராணிக்கு,

கொடுத்தாயிற்று. "கை ஆடாம நீட்டுறீங்களே" என்று நர்ஸ் பாராட்டினார். வழிந்ததைக் கொட்டிவிடாதே, பார்க்க வேண்டியது அதைத்தான். எனக்கு ஒரு துளி பயம் இல்லை. பல்லைப் பத்திரமாக வை.

எலெக்ட்ரீஷியன்

மார்ச் 24

என்னங்க,

மூன்று தடவை செய்து பார்த்தேன். "ஒரே ஆள் சீரத்து மேல இவ்வளவு பாசமா?" என்று பக்கத்து மேஜைக்காரி கிண்டல் செய்தாள். வழிந்ததில் அந்தப் புரோட்டீன் இல்லை. எல்லாம் மணிகளைப் பிடித்துக்கொண்டிருந்தது. சர்க்கரைக் கரைசல் ஊற்றிய பிறகுதான் இறங்கி வந்தது. கையுறையைக் கழற்றாமலே அழுதேன்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். இந்தச் சோதனைக்குக் கடைசி சில வாரங்கள்தான் தெரியும். எட்டு மாதத்தில் ஒரு மாதத்துக்கு உங்கள் ரத்தம் சாட்சி. மீதி ஏழு மாதத்துக்கு உங்கள் வாய்ச்சொல் மட்டும்தான்.

நம்புகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை வாங்க. டெஸ்டரையும் எடுத்துக்கொண்டு வாங்க. சமையலறை விளக்கு எட்டு மாதமாக எரியவில்லை. வேறு யாரையும் கூப்பிடவில்லை.

உங்கள்
லேப் ராணி