இரண்டாவது முளை

என்னங்க,

ஆட்டுக்கொட்டிலுக்குப் பின்னால் நீங்கள் வைத்த பொறியில் கயோட்டி நரி மாட்டியது. மாட்டி என்ன, பொறியைத் தரையோடு பிடித்திருந்த இரும்பு முளையைப் பிடுங்கிக்கொண்டு, காலில் பொறியோடே ஓடிவிட்டது.

பக்கத்துப் பண்ணை அரியரட்ணம் அங்கிள் வந்து பார்த்தார். "மணல் நிலம் பிள்ளை, ஒரு முளை தாங்காது. ரெண்டைக் குறுக்கால அடிக்கவேணும்" என்றார்.

"ரெண்டும் அடிச்சாச்சு, நீ டென்ஷன் ஆகாதே" என்று சொல்லிவிட்டுத்தானே ஏர்போர்ட்டுக்குக் கிளம்பினீர்கள்?

இரண்டாவது முளை கராஜில் கிடந்தது, பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல், உங்கள் பெட்டிகள் இருந்த இடத்தில். சன்னிவேலில் இரண்டு வார வேலைக்கு எல்லாப் பெட்டிகளும் எதற்கு என்று அன்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

புதுப் பொறியும் இன்னொரு முளையும் வாங்கி, இரண்டு முளையையும் நானே அடித்தேன். இழுத்துப் பார்த்தேன், அசையவில்லை. நீங்கள் வரத் தேவையில்லை.

இப்படிக்கு,
இங்கேயே இருப்பவள்