மெஹியா இல்லாத எவெலியோ

ஹூஸ்டன்

அன்பான அம்மாவுக்கு,

உன் முழங்கால் வலி தேவலையா? நான் சுகம்.

டாக்சி கம்பெனி என்னை வேலையிலிருந்து நிறுத்திவிட்டது. டல்லாஸில் இன்னொரு எவெலியோ ஓர்தேகா திருடியிருக்கிறான். பின்னணி விசாரணையில் அவன் வழக்கை என் தலையில் கட்டிவிட்டார்கள். விசாரித்தவர்களிடமே முறையிட்டேன். "மறுபடியும் பார்த்துட்டோம் சார், வழக்கு உண்மைதான்" என்கிறாள் போனில் ஒருத்தி. வழக்கு உண்மைதான். ஆனால் அவன் நானில்லையே!

"அவன் ஜெயில்ல உக்காந்திருக்கான், நீ வீட்ல உக்காந்திருக்க. தண்டனை ரெண்டு பேருக்கும்தாண்டா" என்று அறைத்தோழன் சேப்பே சிரிக்கிறான்.

நம் ஊர் மாதிரி அப்பா, அம்மா இருவருடையதும் வேண்டாம், இங்கே ஒரு குடும்பப்பெயர் போதும் என்றார்கள். அப்பாவுடையதை வைத்துக்கொண்டு, உன் மெஹியாவை விட்டுவிட்டேன். அது இருந்திருந்தால் அவனையும் என்னையும் ஒன்றாக்கியிருக்க மாட்டார்கள். என் ஞானஸ்நானச் சான்றிதழை அனுப்பு, கொஞ்சம் காப்பித்தூளும். சான்றிதழைக் காட்டி எதுவும் நடக்கப்போவதில்லை. இருந்தாலும், நான் உன் பிள்ளை என்று சொல்ல ஒரு தாளாவது இங்கே இருக்கட்டும்.

அவசரமாக,
எவெலியோ ஓர்தேகா மெஹியா