கல்வரப்புக்கு மேலே

ஜனவரி 8, 2025. அரியூர் நாடு.

முகேஷ் வர மாட்டானாம். காளப்பநாயக்கன்பட்டியில் கல்யாணங்களுக்கு ட்ரோன் விட்டுப் படம் எடுக்கிறவன். "அண்ணந்தம்பி வழக்குக்குள்ள நாங்க வரலீங்க சார். நாளைக்கு அவரூட்டு விசேசத்துக்கும் நாங்கதான போவோணும்" என்றான். என் வீட்டில் விசேஷம் எதுவும் நடக்காது என்று முடிவு செய்துவிட்டான் போலிருக்கிறது.

மேலிருந்து ஒரு படம். எனக்கு வேண்டியது அவ்வளவுதான். அப்பா நிலத்தைப் பிரித்தபோது எனக்கும் அண்ணனுக்கும் நடுவே கல்வரப்பு போட்டார். அதைத் தாண்டி என் பக்கத்தில் அண்ணன் மிளகுக்கொடி ஏற்றியிருக்கிறார். ஊற்று இருப்பது அந்தத் துண்டில்தான். கோடையில் என் கொடிகள் காய்கின்றன. அவருடையவை காய்வதில்லை. கற்களை இலையும் புதரும் மூடிவிட்டன. சர்வேயர் வருகிறேன் என்கிறார், வருவதில்லை. அங்கே நான் கால் வைத்தால் அத்துமீறல் என்பார் அண்ணன். வக்கீல் தனபால் "ஆதாரம் இருந்தாக் கொண்டாங்க, பேசலாம்" என்கிறார். மிளகு பறித்து, கொடி ஏறிய மரங்களின் கிளைகளைக் கழித்துவிட்டதும் மேலிருந்து பார்த்தால் வரப்பு கோடாகத் தெரியும்.

ஜனவரி 9

பாலிடெக்னிக்கில் இயந்திரவியல் நடத்தியவன் நான். ஒரு சின்ன விமானம் செய்ய எனக்குத் தெரியாதா?

தெரியாது. அத்தனை வருடம் பாடம்தான் நடத்தினேன். எதையும் செய்ததில்லை.

ஜனவரி 19

செம்மேட்டில் பார்சல் வாங்கிவந்தேன். ஃபோம்போர்டு: நடுவில் நுரை, இருபுறமும் வெள்ளைக் காகிதம் ஒட்டிய அட்டை. ஒரு மோட்டார், வாலின் மடல்களை அசைக்க விரல் நுனி அளவில் இரண்டு சர்வோ, பேட்டரி, ரிமோட், பசையை உருக்கி ஒட்டும் துப்பாக்கி. பழகுகிறவர்களுக்கான வடிவம்தான் இது. மேலே ஒரே நீள இறக்கை, கீழே பெட்டி போன்ற உடல், வால். தப்பு செய்தாலும் பொறுத்துக்கொள்ளும் விமானம் என்று வீடியோவில் ஒரு பையன் சொன்னான். பார்க்கலாம்.

அட்டையைப் பாதி ஆழம் கீறி மடிக்க வேண்டும். முதல் மடிப்பிலேயே முழுதாக வெட்டிவிட்டேன்.

ஜனவரி 26

ராத்திரிப் பனியில் இறக்கையின் காகிதம் உரிந்து தொங்குகிறது. சமவெளியில் உட்கார்ந்து வீடியோ போடுகிறவர்களுக்கு இது எப்படித் தெரியும்? உரித்துவிட்டு, நுரையின் மேலேயே பார்சல் டேப் ஒட்டினேன். கனம் கூடிவிட்டது.

இருசாயி வந்து பார்த்தாள். எனக்கும் அண்ணனுக்கும் மிளகு பறிப்பவள் அவள்தான்.

"ஏனுங்க சின்னவரே, இதுல எத்தன பேரு போலாம்?"

"நீ ஏறினா நான் எறங்கணும்."

"அப்ப நான் மட்டும் போறனுங்க. சேலத்துல எறக்கி உட்ருங்க. மக ஊட்டுக்கு பஸ்ஸு சார்ஜு மிச்சம்."

நாள் முழுக்க அதையே சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அந்தப் பக்கமும் போய்ச் சொல்லியிருப்பாள்.

பிப்ரவரி 2

பறந்தது. மூச்சு விடுகிற நேரம். மூக்கைத் தூக்கிக்கொண்டு மேலே போய், அப்படியே நின்று, பாறையில் குத்தியது. வால் கனம். இறக்கையின் அடியில் இருபுறமும் விரலை வைத்துத் தூக்கினால் சமமாக நிற்க வேண்டுமாம். தூக்கிப் பார்க்காமலேயே எறிந்திருக்கிறேன். பறக்கவிடும் முன் செய்ய வேண்டிய முதல் சோதனையே அதுதான். பேட்டரியை மூக்குப் பக்கம் தள்ளினேன்.

பிப்ரவரி 9

இப்போது நேராகப் போகிறது. திரும்பி வருவதில்தான் சிக்கல். என்னை நோக்கி வரும்போது அதன் வலது எனக்கு இடது. கை பழையபடியே தள்ளுகிறது, விமானம் இன்னும் சாய்கிறது, விழுகிறது. எந்த இறக்கை தாழ்கிறதோ அந்தப் பக்கம் ரிமோட்டின் குச்சியைத் தள்ள வேண்டுமாம், விழுகிறவனுக்குத் தோள் கொடுக்கிற மாதிரி. இதுவும் அந்தப் பையன் சொன்னதுதான். ஞாபகம் இருக்கிறது. நேரத்துக்குக் கைக்கு வருவதில்லை.

பிப்ரவரி 10

இன்னொரு ப்ரொபெல்லர் போயிற்று. அதே பாறை.

பிப்ரவரி 16

மனைவி பிரபாவதி நாமக்கல்லிலிருந்து போனில் பேசினாள். அவள் பள்ளி வேலையை விட்டு இந்த மலைக்கு வர மாட்டாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. "அட்டைல ஏரோப்ளேன் செஞ்சு நேரத்தப் போக்கறதுக்கு, நேராப் போயி உங்க அண்ணங்கிட்ட ஒரு வார்த்த கேட்டாத்தான் என்னங்க?"

நான் ஏன் கேட்கணும்? எங்கள் துறையை மூடி என்னை வெளியே அனுப்பினார்களே, அப்போது அவர் கேட்டாரா? மகள் தாரணியின் நிச்சயதார்த்தத்துக்கு அண்ணியை மட்டும் அனுப்பிவிட்டு வீட்டில் உட்கார்ந்திருந்தார். போன தீபாவளிக்கு முந்தின நாள் செம்மேடு பஸ் ஸ்டாண்டில் எதிரே வந்தார். கைநீட்டினால் தொடுகிற தூரம். என் முகத்துக்கு நேரே பார்த்துவிட்டு, கல்லையோ மரத்தையோ பார்த்தது போலப் போனார். பெட்டிக்கடையில் நின்றவர்கள் எல்லாரும் பார்த்தார்கள்.

நானா போய்க் கேட்கணும்? மாட்டேன்.

மார்ச் 2

கேமரா கட்டைவிரல் அளவுதான். வயிற்றில் துளை போட்டு, கண் கீழே பார்க்கும்படி பொருத்தினேன். மறுபடி மூக்கு கனத்தது. பேட்டரியைப் பின்னால் தள்ளி, கனம் குறையச் சக்கரங்களைக் கழற்றி எறிந்தேன். இனி புல்லில்தான் வயிற்றால் இறங்க வேண்டும். விரல்களில் தூக்கினேன், சமமாக நின்றது.

அண்ணன் பக்கம் மரம் கழித்துவிட்டார்கள்.

மார்ச் 9

போயிற்று.

வரப்பின் மேலே அழகாகப் போனது. திருப்பினேன். என்னை நோக்கி வந்தது, இடது இறக்கை தாழ்ந்தது, நான் எதிர்ப்பக்கம் தள்ளினேன். அண்ணன் வீட்டுக் களத்தில் போய் விழுந்தது. போய் எடுக்கவில்லை. உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டேன்.

சாயங்காலம் இருசாயி கொண்டுவந்தாள். "பெரியவரு குடுத்துட்டாருங்க." கழன்ற இறக்கையை யாரோ ரப்பர் பேண்ட் மாட்டி மறுபடி பூட்டியிருந்தார்கள், தலைகீழாக.

மார்ச் 10

படம் உதவாது. மரமும் வானமும் சுற்றுகின்றன. வரப்பு ஒரு நொடி வந்து கலங்கிப் போகிறது. ஆனால் விழுந்த பிறகும் கேமரா ஓடியிருக்கிறது. படம் இருட்டு. குரல் மட்டும்.

அண்ணி ராசாமணி: "ஏனுங்க, உங்க தம்பியோட பொம்ம வந்து உழுந்திருச்சு."

அண்ணன்: "எங்க, கையில குடு." நுரையில் நகம் உரசும் சத்தம். நெடுநேரம். "ரெக்க எங்க இருக்குது?"

"அதத்தான் புடிச்சிட்டிருக்கறீங்க."

இருசாயியின் சிரிப்பு. "இதுல என்னையச் சேலத்துக்குக் கூட்டிட்டுப் போறாராமுங்க."

"வெளையாட்டுன்னா நெனச்சுட்டிருக்கற? வரப்பத் தேடறாரு" என்று அண்ணி.

"தேடட்டும்" என்றார் அண்ணன். "நாமதான் தாண்டிக் கொடி போட்டுட்டம். எனக்குத் தெரியாதா? ஊட்டுக்கு வந்து ஒரு வார்த்த கேட்டிருந்தா அன்னைக்கே உட்ருப்பேன். வக்கீல உட்டுக் கேக்கறான்."

பிறகு அண்ணி, குரலைத் தாழ்த்தி: "கண்ணு சுத்தமாப் போயிருச்சுன்னு அவருக்கு ஒரு வார்த்த சொல்லியுட்டா என்னங்க?"

"வேண்டாம். சந்தோசப்படுவான்."

மார்ச் 11

சந்தோஷப்பட்டேனா?

கேட்டதும் ஒரு கணம். ஆம். வேறு யார் படிக்கப் போகிறார்கள், எழுதிவிடுகிறேன். ஆம்.

பஸ் ஸ்டாண்டில் அவர் என்னைப் பார்க்கவே இல்லை. சரி, அது ஒன்று கழிந்தது. மற்றதெல்லாம்? வேலை போனபோது அவருக்குக் கண் நன்றாகத்தானே இருந்தது?

மார்ச் 14

லேப்டாப்பில் வெட்டினேன். "தாண்டிக் கொடி போட்டுட்டம். எனக்குத் தெரியாதா?" வரை வைத்துக்கொண்டேன். அதற்குப் பின்னால் உள்ளதை எடுத்துவிட்டேன். வழக்குக்குத் தேவையானது அவ்வளவுதான். மலையிறங்கிப் போய்த் தனபாலிடம் கொடுத்தேன். இரண்டு முறை கேட்டார். "கோர்ட்டு ஏத்துக்குமாங்கறது வேற சங்கதிங்க. ஆனா இதப் போட்டுக் காட்டினாப் போதும், கையெழுத்துப் போட்டுருவாரு" என்றார்.

முழுதும் இருந்தது பழைய மெமரி கார்டில். அதையும் அழித்தேன். எதற்கு என்று தெரியவில்லை.

மார்ச் 28

தனபால் அவர்களுக்கு அதைப் போட்டுக் காட்டினார், அந்தத் துண்டை விட்டுக்கொடுக்கிற பத்திரம் கையெழுத்தாயிற்று. தனபால் ஆபீஸ். அண்ணி முழங்கையைப் பிடித்து அவரை உள்ளே கூட்டிவந்தாள். நான் ஜன்னலோரம் நின்றேன். "எங்கீங்க போடோணும், வெரல வெச்சுக் காட்டுங்க" என்றார். தனபால் காட்டினார். கோணலாக, வேறொரு வரியின் மேல் ஏறிக்கொண்டு போயிற்று எழுத்து.

அண்ணி என் பக்கம் வந்தாள். "மிச்சத்தையும் போட்டுக் காட்டியிருக்கலாமுங்களே கொழுந்தனாரே. இவரு அதுக்கு மேலயும் பேசுனாரே. நாந்தான் பக்கத்துலயே இருந்தனே."

அண்ணன் எழுந்து, "வந்திருக்கறானா?" என்று கேட்டார். யாரோ ஆமாங்க என்றார்கள். கதவுப் பக்கம் முகத்தைத் திருப்பி, அங்கே நான் நிற்பதாக நினைத்துக்கொண்டு, "பறக்குதாடா?" என்றார்.

நான் பேசவில்லை. பேசியிருந்தால் நிற்கிற இடம் தெரிந்திருக்கும்.

ஏப்ரல் 3

எல்லைக் கல் நட்டாயிற்று. ஊற்றிலிருந்து குழாய் போட்டேன். கொடிகளின் கீழே மண் நனைந்து கறுத்திருக்கிறது. இதற்குத்தானே.

குரல் பதிவானதைப் பிரபாவதியிடம் போனில் சொன்னேன். "இதையும் ரெக்கார்டு பண்றீங்களா?" என்று கேட்டாள். கேலி என்றுதான் நினைத்தேன். இல்லை, பதிலுக்குக் காத்திருந்தாள்.

ஏப்ரல் 6

இருசாயி வேலைக்கு வருகிறாள், வேலையை முடிக்கிறாள், போகிறாள். "என்ன இருசாயி, சேலம் போகலையா?" என்றேன். மேசை மேல் இருந்த விமானத்தைப் பார்த்தாள்.

"அது எங்கீங்க இருக்குது?"

"கேமராவா? கழட்டிட்டேன்."

"சரீங்க" என்றாள்.

ஏப்ரல் 13

காற்றே இல்லை. கேமரா இல்லாத விமானம் இலேசாக எழுந்தது. என்னை நோக்கி வரும்போதும் கை தடுமாறவில்லை. தாழ்ந்த பக்கம் தள்ளினேன், நிமிர்ந்துகொண்டது. யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை.

அண்ணன் களத்தில் பெண்கள் மிளகு காயப்போட்டுக்கொண்டிருந்தார்கள். ஏதோ சொல்லிச் சிரித்தது இங்கே வரை கேட்டது. மோட்டார் சத்தம் அந்தப் பக்கம் போனதும் பேச்சு நின்றது. விமானத்தை இப்பால் கொண்டுவந்தேன். ஒரு குரல் மெல்லத் தொடங்கியது. திருப்பி அனுப்பினேன். நின்றது. மறுபடியும் செய்து பார்த்தேன்.

களத்து ஓரம் நாற்காலியில் அண்ணன் உட்கார்ந்திருந்தார். முகத்தை நிமிர்த்தி, சத்தம் போகிற பக்கமெல்லாம் திருப்பிக்கொண்டிருந்தார். உதட்டின் மேல் விரல்.

புல்லில் இறக்கினேன். ஒரு கீறல் இல்லை. இதுவரை இறக்கியதில் இதுதான் சுத்தம்.

பேட்டரியைக் கழற்றிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். அந்தப் பக்கம் யாரும் பேசவில்லை. நான் உள்ளே வந்து கதவைச் சாத்திய பிறகுதான் பேச்சு தொடங்கியது.