அட்டையைத் தட்டிய கால்

ஜூன் 9, திங்கள்

மூன்றாம் நாளாக மழை. கரண்ட் வருவதும் போவதும். குடைக்கம்பி ஒன்று ஒடிந்தது. வாங்க: மெழுகுவத்தி, உப்பு, பி.பி. மாத்திரை.

22-ஆம் தேதி பேசுவதாக ஃபிலிம் சொசைட்டி ஜோசப் சாரிடம் ஒப்புக்கொண்டு தொலைத்தேன். தலைப்பு 'சினிமாவில் டேங்கோ'. வண்டிப்பெரியாரில் இந்த அர்ஜென்டினா ஜோடி நடனத்தை யார் கேட்டார்கள், தெரியவில்லை.

குறிப்புகள்:
- முன்பின் தெரியாத இருவர். இரண்டாவது அடியிலேயே எல்லா அடவும் தெரிந்துவிடும்.
- சிவப்பு உடை. வாயில் ரோஜா. முள்ளைப் பற்றி யாரும் கேட்பதில்லை.
- காதில் ரகசியம். பாட்டு முடிந்ததும் துப்பாக்கி.
- நம் படங்களில் கிளப், புகை, 'கெட்ட' பெண். நாயகி ஆடினால் அது கனவு, இல்லையென்றால் மாறுவேஷம்.

நிஜமாக ஆடுபவர்களின் வீடியோக்களும் பார்த்தேன். வயதானவர்கள். பெரும்பாலும் நடக்கிறார்கள், அவ்வளவுதான். தலையோடு தலை சேர்த்து, கீழே விழுந்த ஊசியைத் தேடுவதுபோல. சினிமா இந்த நடையைத்தான் விட்டுவிடுகிறது. (இதைச் சொல்லலாம்.)

ஜூன் 11, புதன்

இன்டர்னல் விடைத்தாள்கள் நாற்பது. பாதி கூடத் தேறாது.

ஜோசப் சார் போன். "டீச்சரே, நம்ம எஸ்டேட் கிளப்பில எடுத்த பழைய படம் ஒண்ணு உண்டல்லோ? அதில ஒரு டேங்கோ உண்டு. அது காட்டாம எப்படி?"

பிரிண்ட் எங்கும் கிடைக்காது என்றேன். பொய். ஆறு வருடமாக என் லேப்டாப்பில் இருக்கிறது. எத்தனை முறை பார்த்தேன் என்று இங்கும் எழுதப்போவதில்லை.

சாயங்காலம் வாசல் மிதியடியில் கால் தேய்க்கும் சத்தம். போய்ப் பார்த்தேன். என் நாய்.

ஜூன் 12, வியாழன்

எழுதிவிடுகிறேன். யார் படிக்கப்போகிறார்கள்.

எனக்குப் பதினேழு வயது. முத்து அக்காவுக்கு இருபது. அவள் எஸ்டேட்டில் தேயிலைக் கொழுந்து கிள்ளினாள், நான் படித்தேன். கிளப்பில் ஷூட்டிங். நடிகைக்கு அடி வரவில்லை. அவளுக்குப் பதில் ஆட, அதே உயரத்தில் ஒரு பெண் தேடி எங்கள் தொழிலாளர் லயத்துக்கு வந்தார்கள். அக்கா மூன்று நாள் போனாள். வேலைக்குப் போவதாகத்தான் அப்பாவிடம் சொன்னாள்.

படத்தில் அவள் முகம் இல்லை. முழங்காலுக்குக் கீழே மட்டும். ஒரே ஒருமுறை முதுகு. நடுவில் ஓரிடத்தில் வலது பாதம் மெல்ல எழுந்து, இடது கெண்டைக்காலை மேலிருந்து கீழே வழித்து இறங்குகிறது. பார்க்கிற எல்லோரும் அந்த இடத்தைத்தான் சொல்வார்கள். என்ன ஒரு நளினம், என்ன ஒரு மோகம்.

அட்டை. மழையில் காலில் ஏறி ரத்தம் குடிப்பது. தேயிலைக்குள் நிற்கும் எந்தப் பெண்ணும் அதைத் தட்ட இப்படித்தான் செய்வாள். இரண்டு கையும் கொழுந்தில் இருக்கும், குனிய முடியாது. ஒரு கால் மற்றதைத் தானாக வழித்துவிடும். பளபளவென்ற பலகைத் தரையில் அட்டை இல்லை என்று அவள் காலுக்குத் தெரியவில்லை. டான்ஸ் மாஸ்டர், "அதே மறுபடி பண்ணும்மா" என்றாராம்.

வீட்டுக்கு வந்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அட்டையத் தட்டுனேன் புள்ள. அதுக்குப் போயி கை தட்டுதாவ."

என்னிடம் மட்டும் சொன்னாள்.

ஜூன் 14, சனி

அகிலா வந்தாள். அக்கா மகள். சூரியநெல்லியில் ரிசார்ட் வேலை. பஸ்ஸில் கேட்டதைச் சொல்லிச் சிரித்தாள். வீடியோ எடுக்க வரும் புதுஜோடிகளைப் பற்றி ஒரு கிழவி இன்னொருத்தியிடம்: "கல்யாணம் முடிஞ்ச கையோட வந்து தேயிலைக்குள்ள நின்னு ஆடுதுவ. நல்லா ஆடட்டும். அட்டை ஏறுனா நிசமாவே ஆடுவாவ."

வாசலில் செருப்பைக் கழற்றும்போது ஒரு காலால் மற்றதை வழித்தாள். ரத்தத்தில் வருவது என்றெல்லாம் நான் நம்புவதில்லை. மழைக்காலத்தில் இங்கே எல்லோரும் செய்வதுதான்.

"சித்தி, 22-க்கு லீவு போட்டுட்டேன். நீங்க மைக் முன்னாடி பேசி நான் பாத்ததே இல்ல."

அவளுக்குப் பதினொரு மாதம் ஆனபோது அக்கா போய்விட்டாள். இரண்டாவது பிரசவம். ஆறு வயதில் கேட்டாள்: "எங்கம்மா எப்பிடி நடப்பாங்க?" எல்லாரையும் போல என்றேன்.

ஜூன் 18, புதன்

"டீச்சரே, கிட்டிப் போச்சு! நல்ல பிரிண்ட்!" ஜோசப் சார்.

ஆக, ஞாயிற்றுக்கிழமை அகிலா தன் அம்மாவின் காலைப் பார்ப்பாள். நடிகையின் கால் என்று நினைத்து. நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் அப்படியே போய்விடும்.

மறுபடி மிதியடிச் சத்தம். நாய் அடுக்களைக்குள் தூங்கிக்கொண்டிருந்தது.

ஜூன் 21, சனி

அகிலாவை ஒருநாள் முன்பே வரச் சொன்னேன். மீன் வாங்கினேன். சமைக்கவில்லை.

லேப்டாப்பைத் திறந்து காட்டினேன். யார் என்று சொன்னேன். அட்டை விஷயமும். முதலில் சிரித்தாள். நாலு முறை பார்த்தாள். திரையை நிறுத்தி, பாதத்தின் மேல் விரலை வைத்தாள். அக்காவின் கால் சுண்டுவிரல் உள்ளே மடங்கியிருக்கும். அவளுக்கும் அப்படி. நான் கவனித்ததே இல்லை.

பிறகு கேட்டாள். "அம்மாவ அந்த வருசமே கட்டிக் குடுத்துட்டாங்கல்ல. தாத்தாவுக்கு எப்பிடித் தெரிஞ்சிச்சு? படத்துலதான் மூஞ்சியே இல்லியே."

நான்தான் சொன்னேன் என்றேன்.

"எதுக்கு?"

அன்று அப்பா கேட்டார். கிளப்பில் ஒரு ஆணோடு ஆடினாள் என்றேன். கேட்ட கேள்விக்கு உண்மையைத்தான் சொன்னேன் என்று முப்பது வருடமாக எனக்கே சொல்லி வருகிறேன். அவளிடம் அதைச் சொல்ல வாய் வரவில்லை. "பொறாமை" என்றேன். சொன்ன பிறகுதான் அதுவே சரியென்று தெரிந்தது.

எழுந்தாள். "பஸ்ஸுக்கு நேரமாச்சு." நேரம் இருந்தது.

ஜூன் 22, ஞாயிறு

மழை விட்டிருந்தது. நூலக ஹாலில் முப்பது பேர் இருக்கலாம். ரோஜா முள்ளுக்குச் சிரித்தார்கள். மூன்றாம் வரிசையில் அகிலாவுக்காகக் கைப்பை வைத்த நாற்காலி. கடைசிவரை கைப்பைதான்.

படம் ஓடியது. அந்த இடம். கைதட்டல். ஜோசப் சார் எழுந்துவிட்டார். "ஆ காலு பாத்தீங்களா! அந்த நடிகை எத்தனை மாசம் படிச்சிருக்கும்!"

"அது நடிகை இல்லை. என் அக்கா முத்துலட்சுமி. அட்டையைத் தட்டுகிறாள்" என்றேன்.

ஒருவர் சிரித்தார். பிறகு அவரும் நிறுத்தினார். மீதிக் குறிப்புகளைப் படிக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் வாட்ஸ்அப். அகிலா.

"அம்மா வர்ற இடத்த மட்டும் வெட்டி அனுப்புங்க. நீங்க பேசுனது வேண்டாம்."

'சித்தி' இல்லை.

வெட்டினேன். பதினொரு விநாடி. அனுப்பினேன். நீலக் குறி விழுந்தது.

வாசல் மிதியடியில் மறுபடி கால் தேய்க்கும் சத்தம். எழுந்து போகவில்லை.