இரண்டு விரல்

எனக்குப் பின்னால் நின்று சர்வீஸ் போட்டவளுக்கு,

பதினோரு வருஷமா பேசாதவ இப்ப எதுக்கு எழுதறான்னு கடுப்பா இருக்கும். கிழிச்சுப் போட்டுடாதேடி. நான் நல்லாத்தான் இருக்கேன். டென்னிஸை விட்டதுல இடுப்புதான் பெருத்துப்போச்சு.

போன வாரம் டாக்டர் என் இடது கையை முதுகுக்குப் பின்னாடி வைக்கச் சொன்னார். ஆட்டத்துல வலைக்கிட்ட நின்னு உனக்குச் சைகை காட்டுவேனே, அதே மாதிரி. "ரெண்டு விரலை நீட்டுங்க"ன்னார். நீட்டினேன். "ஒண்ணுதானே நீட்டியிருக்கீங்க?"ன்னார். எனக்கு ரெண்டும் நீட்டின மாதிரியேதான் இருந்தது.

எத்தனை நாளா இப்படின்னு கேட்டார். ஒரு மாசம்னு வாய்க்கு வந்ததைச் சொல்லிட்டு வந்துட்டேன். 

நாம சேர்ந்து ஆடின அந்தக் கடைசி ஃபைனல்ல, குறுக்கே ஓடப்போறேன்னு ரெண்டு விரல் காட்டினேன். நான் விட்ட இடத்தை அடைக்க நீ வரலை. பந்து அங்கேதான் விழுந்தது. கோப்பை போச்சு. ஒரு விரல்தான் தெரிஞ்சது, அங்கேயே நிப்பேன்னு நினைச்சேன்னு நீ அழுதே. பொய் சொல்றான்னு எல்லார் முன்னாடியும் கத்தினேன்.

அடுத்த வாரக் கடைசியில ஸ்கேன். எத்தனை நாளா இப்படின்னு டாக்டர் மறுபடியும் கேட்பார். ஃபைனல் அன்னைக்கு ரெண்டு விரலைத்தான் பார்த்தேன்னு ஒரு வரி எழுதிடுடி. நீ பொய் சொல்ற ஆளில்லைன்னு எனக்குத் தெரியும். அதான் பயமா இருக்கு.

இப்படிக்கு,
உனக்கு முதுகைக் காட்டி நின்றவள்