போதும் என்று என்னிடம் சொல்லாதவருக்கு

ஒரு நாளும் என்னை அதட்டிப் பேசாத என் ராசாவுக்கு,

நேற்று அந்தப் பெண் வந்திருந்தாள். முதுகுத் தண்டில் அடிபட்டவர்களுக்கு ஏன் உடம்பு போடுகிறது, ஏன் சர்க்கரை வருகிறது என்று வீடு வீடாகப் போய் ஆராய்ச்சி செய்கிறாளே, அவள்தான். மந்தாரக்குப்பத்தில் நம் வீட்டுக்கு முதலில் வந்தபோது கத்தரிப்பூ நிறச் சுடிதார். உங்களைப் படுக்கவைத்து வயிற்றில் டேப்பைச் சுற்றினாள். நீங்கள் சிரித்தீர்கள். திருவதிகையில் உங்கள் அண்ணன் வீட்டுப் பலாமரத்திலிருந்து விழுந்த பிறகு நீங்கள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. மறப்பேனா?

அவள் வந்தாலே காபி போடச் சொல்லி என்னை அடுப்படிக்கு விரட்டிவிடுவீர்கள்.

"என்னா பேசிக்கினு இருந்தீங்க?"

"ஒண்ணுமில்லடி, உடம்பப் பத்தித்தான்."

எனக்குத் தெரியாத உடம்பா அது?

நேற்றுதான் விஷயம் வெளியே வந்தது. "அம்மா, ஐயாவுக்கு அந்த ஆட்டுக்கால் சூப்பு புடிக்கவே புடிக்காதுங்க. போதும்னா உங்க மொகம் வாடிடும்னு குடிச்சிடுவாராம். நான் கண்ண மூடினப்புறம் அவகிட்ட சொல்லுன்னாரு."

அதைச் சொல்லும் உரிமையையும் அவளுக்கே கொடுத்துவிட்டுப் போயிருக்கிறீர்கள்!

உங்கள் கால் சூம்பச் சூம்ப, ஆட்டுக்கால் குடித்தால் சதை பிடிக்கும் என்று நெய் மிதக்க வைத்துக் கொடுத்தேன். தொப்பைதான் போட்டது. அசையாத உடம்பில் தின்றது செலவாவது குறைவாம். சதை கரைந்த இடத்தில் கொழுப்பு சேருமாம், எடை மெஷினில் அது சரியாகத் தெரியாதாம். எல்லாம் விளக்கினாள், புரிந்தது. அவளிடம் சொன்ன வாய்க்கு என்னிடம் சொல்ல என்ன வந்தது?

டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் ஒரு பையன் இருக்கிறானாம். மைன்ஸ் வேலை, வண்டியிலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. பெண்டாட்டி தட்டு தட்டாகப் போடுகிறாளாம். "நீங்க வந்து சொன்னா கேப்பாங்கம்மா" என்று கெஞ்சினாள். அவளுக்காக இல்லை, உங்கள் மேல் இருந்த ஆத்திரத்தில் இன்று போனேன்.

அந்தப் பெண்டாட்டியிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. அவனிடம்தான் சொன்னேன். "தம்பி, வயிறு ரொம்பிடிச்சின்னா இவகிட்ட சொல்லு. டேப்பு புடிக்க வர்றவகிட்ட சொல்லாத."

பக்கத்தில் நின்ற ஆராய்ச்சிக்காரி தலையைக் குனிந்துகொண்டாள். குனியட்டும்.

பையன் தட்டைப் பார்த்தான். பிறகு பெண்டாட்டியைப் பார்த்தான். "பாதிய எடுத்துக்க, மலரு."

அவள் முகம் வாடத்தான் வாடியது. அப்புறம் அவன் எதிரிலேயே உட்கார்ந்து அந்தப் பாதியை அவள் தின்றாள். "உப்பு கம்மியாத்தான கீது?" என்று அவன் கேட்க, "இத்தினி நாளு சொல்லாம தின்னியா நீ!" என்று தொடையில் ஒன்று வைத்தாள். அந்த அடி அவனுக்கு உறைக்காது. ஆனாலும் சிரித்தான்.

எனக்கு வயிறு எரிந்தது. நம் வீட்டில் ஏன் அப்படி ஒரு நாள்கூட இல்லை?

வருகிற படையலுக்கு ஆட்டுக்கால் கிடையாது. உங்கள் இலையில் பாதிதான் வைப்பேன். மீதியை எதிரில் உட்கார்ந்து நான் தின்பேன், இது சத்தியம். போதாவிட்டால் கனவில் வந்து என்னிடம் கேளுங்கள். அவளிடம் மட்டும் போகாதீர்கள்.

உங்கள் மேல் கோபம் தீராத பெண்டாட்டி,
செல்லம்மா